கொள்ளிடம் முதலில் வந்த நாள்

"எதுக்குப் பயப்படுவ?" என்று சுடர்விழி அக்கா கேட்டார்.

வேலைக்கான நேர்காணலில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை ராஜராஜன் சார்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நிறுவனம் அது. எந்தக் கல்லூரி, எந்த மொழியில் நிரல் எழுதத் தெரியும், கூத்தாநல்லூரிலிருந்து தினமும் வந்துபோக முடியுமா, விடுதியில் தங்குவதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, போன் வந்ததும் எழுந்து வெளியே போனார். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நாய்க்கு" என்றேன்.

"தெரு நாயா, வீட்டு நாயா?"

"ரெண்டும்."

"எவ்வளவு கிட்ட வந்தா?"

யோசித்தேன். "கிட்ட வர்ற நாய்க்குக்கூட அவ்வளவா இல்லீங்க. காருக்கு அடியில படுத்துத் தூங்கும் பாருங்க, அதுக்குத்தான்."

"தூங்குற நாய் என்ன பண்ணிடும்?"

"எப்ப எந்திரிக்கும்னு தெரியாதே."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "நான் எதுக்குப் பயப்படுவேன்னு நீ கேக்கலையே?"

"சொல்லுங்க."

"கேஸ் சிலிண்டர். லிஃப்ட். பஸ்ல கடைசி சீட்டு. ராத்திரியில வர்ற போன், பகல்ல வராத போன். கிணத்துல எட்டிப் பாக்குற பிள்ளைங்க. அப்புறம், எல்லாம் சரியாப் போய்க்கிட்டிருந்தா அதுக்கு."

"சரியாப் போனா எதுக்குப் பயம்?"

"இப்பதான நீயே சொன்ன, காருக்கு அடியில படுத்திருக்குன்னு."

ராஜராஜன் சார் திரும்பி வந்தார். "என்ன சுடர், டெக்னிக்கலா ஏதாவது கேட்டியா?"

"கேட்டாச்சு சார். பாஸ்" என்றார் அக்கா.

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். விவசாயிகளின் போனுக்குப் பதிவுக் குரலில் தகவல் சொல்லும் வேலை. கொள்முதல் நிலையம் திறந்தாயிற்று, யூரியா வந்திருக்கிறது, நாளை மழை இருக்கும், இப்படி. காலையில் போன் அடிக்கும், எடுத்தால் ஒரு பெண் குரல் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிடும். இவற்றில் ஆற்றுச் செய்தி மட்டும் முழுக்க முழுக்க சுடர்விழி அக்கா உண்டாக்கியது. அதில் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார்.

அவருடைய ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிறது. தாத்தா பண்ணையில் வேலை பார்த்தவர். அப்பா இவர் பள்ளியில் படிக்கும்போதே மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டார். அம்மா ராமாயி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இவரைப் பொறியியல் படிக்க வைத்தார். அந்தத் தெருவில் அதுதான் முதல் பொறியியல் படிப்பு. ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில் மணலும் வண்டலும் சேர்ந்து மேடிட்ட திட்டு ஒன்று உண்டு. தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களில் ஊர்ப் பெண்கள் சிலர் ஆற்றில் இறங்கி நடந்துபோய் அங்கே கத்தரியும் மிளகாயும் போடுவார்கள். ராமாயி அம்மாவுக்கும் அதில் ஒரு பாத்தி நிலம் இருந்தது.

படிப்பு முடிந்து அக்கா சென்னையில் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஒரு வருஷம், மேலே அணையில் திறந்த தண்ணீர் எதிர்பாராமல் வந்து, திட்டில் இருந்த பெண்கள் இடுப்பளவு நீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கரையேறினார்கள். அக்காவுக்கு அது அடுத்த வாரம்தான் தெரிய வந்தது. போனில் கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ராமாயி அம்மா சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அன்று இரவே அக்கா ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். அதைச் சொல்லி ஊரில் இன்னும் கேலி செய்வார்கள். "தண்ணி வந்தது ஆத்துல. அடிச்சுக்கிட்டுப் போனது இவ வேலைய."

அதற்குப் பிறகு வாரநாட்களில் தஞ்சாவூரில் ஓர் அறையில், சனி ஞாயிறு ஊரில் என்று அவர் வாழ்க்கை அமைந்தது. அறையைப் பூட்டியதும் பூட்டைப் போட்டோ எடுத்துத் தனக்கே அனுப்பிக்கொள்வார். மதியம் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பார். "இது நேத்து எடுத்த போட்டோவா இருந்தா?" என்று ராஜராஜன் சார் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அக்கா அன்றைய செய்தித்தாளைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்.

ஆற்றுச் செய்தியிலும் இதே கவனம்தான். தினமும் காலையில் நீர்த்திறப்பு பற்றிய அறிக்கை எங்களுக்கு ஒரே பத்தியாக வரும். எந்த ஆற்றில் எத்தனை கன அடி என்று அதில் இருக்கும். அக்காவின் நிரல் அதிலிருந்து கொள்ளிடத்தின் எண்ணை மட்டும் பிடித்தெடுக்கும். எண் சிறியதென்றால், 'இன்று ஆற்றுக்குள் வேலைக்குச் செல்லலாம்.' பெரியதென்றால், 'உடனே கரை ஏறுங்கள்.' அறிக்கை வந்த அடுத்த நிமிடமே, கரையோரம் பதிந்துவைத்திருக்கும் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அடிக்கும். யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டாம். தட்டச்சு செய்ய வழியும் இல்லை. "மனுஷன் கை பட்டா தப்பு வரும்" என்று அந்தக் கதவை அவரே அடைத்துவைத்திருந்தார்.

எண்ணைப் பிடிக்கும் அந்தக் கண்ணிக்கு எங்கள் தொழிலில் ரெகெக்ஸ் என்று பெயர். பார்க்க ஏதோ பூச்சி ஊர்ந்துபோன தடம் மாதிரி புள்ளியும் கோடும் அடைப்புக்குறியுமாக இருக்கும். அக்காவுடையது செய்யும் வேலை எளிதானது. 'கொள்ளிடம்' என்ற சொல்லைக் கண்டுபிடி, அதன்பின் எது வந்தாலும் தாண்டிப் போ, கன அடிக்கு முன்னால் நிற்கும் எண்ணைக் கொண்டு வா. சேர்ந்த புதிதில் எனக்கு அவர் காட்டியது அவ்வளவுதான். அது ஒருநாளும் தவறியதில்லை. தவறவில்லை என்பதாலேயே தினமும் காலையில் அறிக்கையையும் அனுப்பிய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துவிடுவார்.

ஆடிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவரால் அதைப் படிக்க முடியவில்லை. ஊரிலிருந்து வரும் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். நான் முன்னதாகவே அலுவலகம் வந்துவிட்டேன். திரையில் பச்சை நிறத்தில் டிக் விழுந்திருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா படியேறி வரும் சத்தம் கேட்டது. எப்போதும் ஒவ்வொரு படியாக வருகிறவர் அன்று ஓடி வந்தார்.

"கீழ மருந்துக் கடை டிவியில முக்கொம்பு காட்டுறான். கொள்ளிடத்துப் பக்கம் எல்லா ஷட்டரும் தூக்கியிருக்கு. நஜ்மா, காலையில என்ன போச்சு?"

"டிக் வந்துச்சுக்கா. எல்லாருக்கும் போயிடுச்சு."

"போயிடுச்சு, சரி. என்ன போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் பையைக் கழற்றாமலே குனிந்து திரையைத் திறந்தார். அனுப்பிய செய்தி இப்படி இருந்தது: 'கொள்ளிடத்தில் நீர்த்திறப்பு இரண்டாயிரத்து ஐந்நூறு கன அடி. இன்று ஆற்றுக்குள் வேலைக்குச் செல்லலாம்.'

அறிக்கையைத் திறந்தார். கொள்ளிடத்துக்கு அதில் இருந்தது ஒரு லட்சத்துக்கும் மேல்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நாற்காலிதான் அவரை வாங்கிக்கொண்டது போலிருந்தது. "நேத்து சாயந்தரம் ஆட்டோவுல மைக் கட்டிட்டு வந்து சொல்லிட்டுப் போனாங்க, தண்ணி வரப்போவுதுன்னு" என்றார். "அம்மா கேட்டுச்சு, எப்ப வரும்னு. காலையில போன் வரும், அது சொல்றபடி செய்யின்னு நான்தான் சொன்னேன். தண்ணி வர்றதுக்குள்ள காயெல்லாம் பறிச்சுடணும்னு எல்லாரும் கூடைய எடுத்து வச்சிருந்தாங்க. போகலாம்னு நம்ம சொல்லியிருக்கோம். போயிருக்கும்."

அம்மாவின் எண்ணுக்கு அழைத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார்.

"எடுக்காது. எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். ஆற்றில் இறங்கும் பெண்கள் போன் நனைந்துவிடாமல் இருக்க, எல்லாருடையதையும் ஜவுளிக் கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டு, கரையில் இலுப்பை மரக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். மரத்தடியில் வைரக்கண்ணு என்பவர் ஆடு மேய்ப்பார். காவலுக்கு அவர் இருக்கிறார் என்று பெயர். ஆனால் போன் அடித்தால் அவர் தொடமாட்டார். முன்பு ஒருமுறை எடுத்துப் பேசப்போய், திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு புருஷன், "என் பொண்டாட்டி போன எடுக்க நீ யார்டா?" என்று வண்டி பிடித்து வந்து சண்டை போட்டானாம். அதிலிருந்து யார் போன் அடித்தாலும் வைரக்கண்ணு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அக்கா ஊர்த் தேநீர்க் கடைக்கு அழைத்தார். கடையில் தான் மட்டும் இருப்பதாகவும் யாராவது வண்டியில் வந்தால் ஆற்றுக்கு அனுப்புவதாகவும் கடைக்காரர் சொன்னார். நான் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தேன். ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், கரை நெடுக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், அங்கே வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். அந்த ஒரு திட்டு மட்டும் இல்லை. எங்கள் செய்தியைக் கேட்டுவிட்டு இறங்கியவர்கள் ஆறு நெடுகிலும் இருப்பார்கள்.

ராஜராஜன் சார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ரெகெக்ஸ அப்புறம் பாத்துக்கலாம். கையால டைப் பண்ணி அனுப்பு, சுடர்."

"வழி இல்ல சார்."

"ஏன் இல்ல? யார் அடைச்சது?"

"நான்தான் சார்."

அவர் போனை எடுத்தார். சன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

அக்கா விசைப்பலகையை இழுத்தார். ஒரு சொல்லை அடிக்க மூன்று முறை அழித்தார். "நீ உக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். எடிட்டரில் பிழை தேட உதவும் டீபக்கரைத் திறந்தேன். மேலே ஒரு பெட்டியில் ரெகெக்ஸ், கீழே காலையில் வந்த அறிக்கை. கண்ணியில் சிக்கும் எழுத்துகள் மஞ்சளாக ஒளிரும். அம்புக்குறியை அழுத்த அழுத்த, ஒவ்வொரு அடியாக அது எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

முதல் அழுத்தலில் 'கொள்ளிடம்' மஞ்சளானது. அது சரி. அடுத்த அழுத்தலில் பத்தி முழுவதும், கடைசிப் புள்ளி வரை, ஒரே மஞ்சளாகிவிட்டது. அதற்கடுத்து மஞ்சள் கடைசியிலிருந்து ஓர் எழுத்து பின்வாங்கியது. இன்னொன்று. இன்னொன்று. பின்வாங்கிக்கொண்டே வந்து முதலில் தட்டுப்பட்ட எண்ணில் நின்றது. இரண்டாயிரத்து ஐந்நூறு. அது கல்லணைக் கால்வாய்க்குத் திறந்த தண்ணீர்.

"அக்கா, 'எது வந்தாலும் தாண்டு'ன்னு சொன்னதும் இது கடைசி வரைக்கும் போயிடுது. கடைசியிலேருந்துதான் நம்பர் தேடுது" என்றேன். "ஆனா இத்தனை நாள் சரியா வந்துச்சே?"

அவர் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல், "காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்" என்றார்.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்ட வரிசையும் அதுதான். ரேடியோவில், பேப்பரில், அத்தா கடையில் வந்து உட்காரும் விவசாயிகள் பேச்சில், கல்லணையில் தண்ணீர் திறந்தால் அந்த வரிசையில்தான் சொல்வார்கள். கொள்ளிடம் எப்போதும் கடைசி. மிச்சம் இருந்தால் அதற்கு. கடைசியிலிருந்து தேடினால் முதலில் கிடைப்பது கொள்ளிடத்தின் எண்தான். வேறு ஊர்க்காரர் யாராவது அந்த ரெகெக்ஸை எழுதியிருந்தால் வரிசை மாறினால் என்ன ஆகும் என்று யோசித்திருப்பார். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற அக்காவுக்கு அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அன்று வெள்ளம் என்பதால் அறிக்கை எழுதியவர்கள் முக்கியமானதை முதலில் போட்டிருந்தார்கள். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்.

நான் ரெகெக்ஸில் ஒரு கேள்விக்குறி சேர்த்தேன். அதைச் சேர்த்தால் கடைசி வரை ஓடாமல், முதலில் எதிர்ப்படும் எண்ணிலேயே நின்றுவிடும். அம்புக்குறியை அழுத்தினேன். மஞ்சள் கொள்ளிடத்திலிருந்து நகர்ந்து அதன் பக்கத்து எண்ணில் நின்றது. ஒரு லட்சத்துச் சொச்சம்.

"வந்துடுச்சு. அனுப்பலாம்க்கா."

"இரு. பழசுல ஒண்ணு போட்டுப் பாரு."

"எதுக்குக்கா?"

"போட்டுப் பாரு, நஜ்மா!"

கோடைக் காலத்து அறிக்கை ஒன்றை எடுத்து, அன்றுபோல் கொள்ளிடத்தை முதலுக்கு மாற்றி ஒட்டினேன். 'கொள்ளிடம்: திறப்பு இல்லை; காவிரி: 6,000 கன அடி.' கொள்ளிடத்துக்கு எண் இல்லாததால் மஞ்சள் அதைத் தாண்டிப் போய்க் காவிரியின் ஆறாயிரத்தைக் கவ்விக்கொண்டது.

"பாத்தியா, பாத்தியா" என்றார் அக்கா. "இதுவும் தப்பு. இதுக்குள்ள இன்னும் எத்தனை இருக்கோ. இன்னொரு தடவ தப்பா அனுப்பினா அப்புறம் எதையும் நம்பமாட்டாங்க. எல்லாப் பழைய அறிக்கையும் போட்டுப் பாத்துடலாம். எடு, போன வருஷத்துலேருந்து எடு."

அவர் சொன்னதில் தவறில்லை. தொழிலில் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் சன்னலோரம் நின்ற ராஜராஜன் சார் தன் போனில் யாரிடமோ, "கல்லணையத் தாண்டிடுச்சா? எப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது என் காதில் விழுந்தது. அக்கா காதிலும் விழுந்தது. அவர் பழைய அறிக்கைகள் இருந்த பட்டியலைக் கீழே கீழே உருட்டிக்கொண்டிருந்தார், எதையும் திறக்கவில்லை.

"அக்கா, அரைப்புள்ளியத் தாண்டாதன்னு எழுதிடுறேன். ஒரு ஆத்துக்கும் அடுத்த ஆத்துக்கும் நடுவுல அதுதான் இருக்கு" என்றேன். எழுதினேன். கோடை அறிக்கையைப் போட்டேன். மஞ்சள் கொள்ளிடத்தோடு நின்று, எண் இல்லை என்று சிவப்பாகச் சொன்னது. அன்றைய அறிக்கையைப் போட்டேன். சரியான எண். பழைய வரிசையில் ஒன்றைப் போட்டேன். அதுவும் சரி.

"இன்னும் ஒண்ணு" என்றார்.

"இல்லக்கா. அனுப்புங்க."

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். "எது மஞ்சளா இருக்கு? சத்தமாப் படி."

"கொள்ளிடம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கன அடி."

"இன்னொரு தடவ படி."

படித்தேன். அவர் குனிந்து பொத்தானை அழுத்தினார்.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: 'இந்த அறிக்கைக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பப்பட்டுவிட்டது.' ஒரே செய்தி இரண்டு முறை போய்விடக் கூடாது என்று அவரே வைத்த பூட்டு. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் எழுப்பினார். அழுகை என்றும் சொல்ல முடியாது. பிறகு என்னை நகர்த்திவிட்டு அவரே உட்கார்ந்து, அந்தப் பூட்டு இருந்த வரியைத் தேடி அழித்தார். மறுபடி அழுத்தினார்.

எண்களுக்கு நேராக 'அழைக்கிறது' என்று வந்தது. சில 'எடுத்தார்' என்று மாறின. அக்கா தன் ஊர் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுகூட மாறவில்லை. கட்டைப்பைக்குள் எல்லாம் அடித்துக்கொண்டிருக்கின்றன என்று இருவருக்கும் தெரிந்தது. திடீரென்று ஒன்று மாறியது. 'எடுத்தார்.' சில நொடிகளில் துண்டிக்கப்பட்டது.

அக்கா உடனே அம்மாவின் எண்ணுக்கு அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"யாரு? இது யாரு?" ஓர் ஆண் குரல் கத்தியது. "மொதல்ல எடுத்தா ஒரு பொம்பள பேசுது, யாரும்மான்னு கேட்டா பதில் சொல்லாம வச்சிட்டுப் போவுது. பையில இருக்குற அம்புட்டுப் போனும் ஒரேயடியாக் கத்துது. ஆடெல்லாம் மெரண்டு ஓடுது. என்னா எழவு இது?"

"மாமா, நான் சுடரு. ராமாயி மவ. அம்மா எங்க?"

"திட்டுலதான். எல்லாந்தான் போயிருக்கு. ஏன்?"

"தண்ணி வருது மாமா. ஒரு லட்சம் வருது. கூப்பிடு, ஓடிப்போய்க் கூப்பிடு."

"காலையில வராதுன்னுதான..."

"நான் தப்பாச் சொல்லிட்டேன் மாமா! போ!"

கீழே மருந்துக் கடைக்குக்கூடக் கேட்டிருக்கும். வைரக்கண்ணு போனை அணைக்கவில்லை. கையில் பிடித்தபடியே ஓடினார் போலிருக்கிறது. அக்கா ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார். காற்றின் இரைச்சல், மூச்சு வாங்கும் சத்தம், அவர் விசிலடித்தது, "ஏய், ராமாயீ! ஏறுங்கடி! கூடையப் போட்டுட்டு ஏறுங்க!" என்று கத்தியது, எல்லாம் கேட்டது. தூரத்திலிருந்து ஒரு பெண் ஏதோ திருப்பிக் கேட்டாள். "காயாவது கத்தரியாவது, வாங்கடி!" என்றார் அவர். அதன்பின் நிறையக் குரல்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி "கையப் புடி, கையப் புடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அக்கா திரும்ப அழைத்தார். 'தற்போது தொடர்புகொள்ள இயலவில்லை.' நாங்கள் மூவரும் அந்தப் போனைச் சுற்றி நின்றோம். யாரும் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் மனதுக்குள் ஓதினேன். அக்காவின் கண் போனை விட்டு அசையவில்லை. கண்ணீர் இல்லை. அவர் முகத்தில் பயம்கூடத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

போன் அடித்தபோது அதை எடுக்க அவர் கை வரவில்லை. நான் பச்சையைத் தொட்டேன்.

"ஏண்டி" என்றது ராமாயி அம்மாவின் குரல். மூச்சிரைத்தது. "ஒரு நேரம் போன்னு சொல்ற, ஒரு நேரம் வான்னு சொல்ற. ரெண்டு கூடை கத்தரிக்கா போச்சு. எல்லாரும் ஏறிட்டோம். இடுப்புக்கு வந்துடுச்சு தெரியுமா? பாதி ஆத்துல வர்றப்ப கண்ணு முன்னாடியே ஏறுது. சுடரு? ஏய், இருக்கியா?"

அக்கா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "இருக்காங்கம்மா" என்று நான்தான் சொன்னேன்.

மற்ற ஊர்களிலும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு திட்டில் மட்டும் மூவர் உயரமான இடத்தில் நின்றுவிட்டார்கள், படகு போய் அழைத்து வந்தது. அக்கா அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து எல்லாப் பழைய அறிக்கைகளையும் ஒவ்வொன்றாக டீபக்கரில் போட்டுப் பார்த்தார். கையால் செய்தி அனுப்பும் வழியையும் திறந்து வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை என்னையும் ஊருக்கு அழைத்துப் போனார். தனியாகப் போகப் பயமாக இருந்திருக்கும், அப்படிச் சொல்லவில்லை. வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். "வாடி இஞ்சினியரு" என்றாள் ஒருத்தி. "எங்க அத்தனை பேருக்கும் மேலோகத்துக்கு ஒரே டிக்கெட்டா எடுத்துட்டியே, நல்லவேளை கண்டக்டர் பாதியிலயே இறக்கி விட்டுட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல், என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னார். வரிசை மாறியதைச் சொன்னபோது, "கொள்ளிடம் எப்பவும் கடைசியில தான சொல்லுவாங்க?" என்று ஒரு பெண் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "ஆமாக்கா" என்றார் அக்கா. ராமாயி அம்மா என்னைப் பார்த்து, "நீ சாப்புட வா. இவ சொல்லி முடிக்க மாட்டா" என்று உள்ளே கூட்டிப்போய் மீன் குழம்பு ஊற்றினார்.

தண்ணீர் வடிந்து பெண்கள் மறுபடி திட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். பதிவுக் குரலின் மேல் அவர்களுக்கு ஒன்றும் கோபம் இல்லை. ராமாயி அம்மா மட்டும் அதைக் கேட்டபிறகும் மகளுக்குத் தனியாகப் போன் போடுவார். "போவலாமாடி?" அக்கா அறிக்கையைப் பார்ப்பார், ரெகெக்ஸ் பிடித்த எண்ணைப் பார்ப்பார், மறுபடி அறிக்கையைப் பார்ப்பார். "இன்னிக்கு வேணாம்மா" என்பார். ஐப்பசியிலும் அதையே சொன்னார், கார்த்திகையிலும் சொன்னார். மழை நாட்களில் அது நியாயம். தை பிறந்து, ஆறு வெறும் மணலாகக் கிடந்தபோதும் சொன்னார். மற்றவர்கள் பாத்தி கட்டி நாற்றும் விட்டுவிட்டார்கள். ராமாயி அம்மாவின் நிலத்தில் மட்டும் கோரை முளைத்தது. "ஆத்துல காக்கா குடிக்கத் தண்ணி இல்ல. ஊரே போவுது. நான் என்ன, வீட்டுல உக்காந்து உன் போட்டோவுக்குப் பொட்டு வைக்கவா?" என்று ராமாயி அம்மா சத்தம் போடுவது எனக்கே கேட்கும். மீறிப் போகவும் மாட்டார். மகள் அந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

மாசியில் ஒருநாள் காலை போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். டீபக்கர் திறந்திருந்தது. 'கொள்ளிடம்: திறப்பு இல்லை.' மஞ்சள் அங்கேயே நின்றது. அக்கா அதைப் பார்த்தார். அம்புக்குறியை மறுபடி முதலிலிருந்து அழுத்திப் பார்த்தார். அறிக்கையின் தேதியைப் பார்த்தார். போனில் அம்மா, "சொல்லுடி, வெயில் ஏறுது" என்றார். அக்கா வாயைத் திறந்தார். உள்ளங்கையால் போனைப் பொத்தி என் பக்கம் நீட்டினார்.

"நஜ்மா, நீ சொல்லேன். போகலாம்னு மட்டும் சொல்லு, போதும். நான் சொன்னா என் பயம் குரல்லயே அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்."